வாகனக் கேள்வி – பதில்: பிஸ்டனுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும்?

கேள்வி: காரோட்டப் பந்தயத்துக்காக, 4ஏ-ஜீஇ எஞ்சின் பூட்டிய பழைய கொரோலா ஒன்றைத் தயார் செய்து வருகிறேன். 0.50 ஓவர்சைஸில், அதாவது மூல அளவை விட 0.50 மில்லிமீற்றர் பெரிதாக, நான்கு ஃபோர்ஜ்ட் (அடித்து உருவாக்கிய) பிஸ்டன்கள் வாங்கியிருக்கிறேன். பெட்டிக்குள் இருந்த தாளில், பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே 0.09 மில்லிமீற்றர் இடைவெளி விடும்படி எழுதியுள்ளது. எங்கள் லேத் பட்டறை ஐயாவோ, 0.04க்கு மேல் விட்டால் எஞ்சின் ஒயில் குடிக்கும், சத்தமும் போடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகர், பரந்தன்

பதில்: தாள் சொல்வதைக் கேளுங்கள். ஐயா சொல்லும் அளவு தவறானது என்று நான் சொல்லவில்லை. அவர் கையில் இத்தனை வருடம் பழகிய வார்ப்புப் பிஸ்டனுக்கு அது பொருத்தமான அளவுதான். இந்த இடைவெளி எஞ்சினின் பெயரைப் பொறுத்து அமைவதன்று. பிஸ்டன் எந்த உலோகக் கலவையால் ஆனது, எப்படிச் செய்யப்பட்டது, அந்த எஞ்சின் எவ்வளவு சூட்டைத் தாங்கப் போகிறது என்பவற்றைப் பொறுத்தே அது மாறும்.

கம்பனியில் இருந்து வரும் வார்ப்புப் பிஸ்டனின் அலுமினியத்தில் சிலிக்கன் கணிசமாகக் கலந்திருக்கும். சிலிக்கன் கூடினால் சூட்டில் விரிவது குறையும். அத்தோடு பல வார்ப்புப் பிஸ்டன்களில் ஒயில் றிங் (பிஸ்டனைச் சுற்றி அமரும் வளையம்) பள்ளத்தில் வெட்டு வைத்தோ, உள்ளே உருக்குத் தகடு பதித்தோ, ஸ்கர்ட் எனப்படும் கீழ்ப்பகுதி விரிவதைக் கட்டுப்படுத்தியிருப்பார்கள். ஃபோர்ஜ்ட் பிஸ்டனில் இரண்டு கலவைகள்தான் பெரும்பாலும் புழங்குகின்றன. 4032 என்பதில் ஏறத்தாழ 12 வீதம் சிலிக்கன் உண்டு. அது ஓரளவு இறுக்கமான இடைவெளியைத் தாங்கும். 2618 என்பதில் சிலிக்கன் இல்லையென்றே சொல்லலாம். எரிபொருள் முன்கூட்டியே வெடித்துத் தட்டினாலும் எளிதில் உடையாத உறுதி அதற்கு இருக்கிறது, ஆனால் சூடேறும்போது கூடுதலாக விரிகிறது. 0.09 என்று தாள் கேட்பதைப் பார்த்தால் உங்களிடம் இருப்பது 2618 ஆக இருக்கலாம். போர் எனப்படும் சிலிண்டர் துளையின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற பழைய கணக்கும் 81.5 மில்லிமீற்றர் போருக்கு 0.08 என்று அதற்குக் கிட்டத்தான் கொண்டுபோய் விடுகிறது.

வேண்டுமானால் கணக்குப் போட்டே பார்ப்போம். உங்கள் எஞ்சின் புளொக் வார்ப்பிரும்பு. ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் அது தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 11 பங்கு விரியும். 2618 அலுமினியம் அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 22 பங்கு விரியும். இரண்டும் ஒன்றாகவே 80 பாகை சூடேறின என்று வைத்துக்கொண்டால்கூட, 81.5 மில்லிமீற்றர் விட்டத்தில் பிஸ்டன் சுவரை விட 0.07 மில்லிமீற்றர் கூடுதலாகப் பெருத்துவிடும். உண்மையில் தண்ணீரால் குளிர்த்தப்படும் சுவரை விடப் பிஸ்டன் இன்னும் அதிகமாகச் சூடேறும். 0.04 விட்டுக் கட்டினால், ஒயில் படலத்துக்கு என்று அங்கே எதுவும் மிஞ்சாது.

மிஞ்சாதபோது என்ன நடக்கும் என்பதைச் சில வருடங்களுக்கு முன் கிளிநொச்சியில் ஓர் எஞ்சினைத் திறந்தபோது பார்த்திருக்கிறேன். வேறொரு பட்டறையில் "இறுக்கமாக" கட்டி, முந்நூறு கிலோமீற்றர்கூட ஓடாத எஞ்சின் அது. பிஸ்டனைத் திருப்பிப் பார்த்தால், அதைக் கொனெக்டிங் ரொட்டோடு இணைக்கும் 'பின்' எனும் தண்டு செல்லும் துளையின் இருபுறமும் நான்கு மூலைகளிலும் மேலிருந்து கீழாகக் கீறல்கள். அதே இடங்களுக்கு நேரே சிலிண்டர் சுவரில் அலுமினியம் ஈயம் பூசியதுபோல் ஒட்டியிருந்தது. நான்கு மூலை உராய்வு என்றால் பிஸ்டன் விரிய இடமில்லாமல் தவித்திருக்கிறது என்று பொருள். இடைவெளி போதாமை அதற்கு ஒரு காரணம், ரெடியேட்டர் அடைப்பு போன்ற குளிர்த்தல் குறை மற்றொன்று. அந்த வண்டியில் ரெடியேட்டர் புதிதாக இருந்தது.

ஒயில் குடிக்கும் என்ற பயத்துக்கு எங்கள் மண்ணில் ஒரு வரலாறு உண்டு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் பெற்றோல் எஞ்சின்கள் சிறிதளவு பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. முழுதாக ஆவியாகாத மண்ணெண்ணெய் சுவரில் இருந்த ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சினின் அடித்தொட்டியான சம்பில் இருந்த ஒயிலையும் நீர்க்கச் செய்தது. போர் பெருத்துவிட்டது என்று யாராவது சொன்னால் எந்தப் போர் என்று கேட்க வேண்டியிருந்த காலம் அது. அன்று புகைத்த எஞ்சின்களை எல்லாம் திறந்து பார்த்த கைகள் இன்று தளர்ந்த இடைவெளியைக் கண்டு அஞ்சுவது இயல்பே. ஆனால் அங்கே கெட்டிருந்தது றிங்கும், கூம்பாகவும் நீள்வட்டமாகவும் தேய்ந்துபோன சுவரும்தான். ஒயிலை மேலே ஏறவிடாமல் பிடிப்பது றிங். வட்டமாகவும் நேராகவும் ஹோன் செய்யப்பட்ட, அதாவது கல்லால் தேய்த்துச் சீராக்கப்பட்ட, சுவரில் 0.09 இடைவெளி ஒயில் குடிப்பதற்குக் காரணம் ஆகாது. அதற்காக 0.15 விட்டாலும் குற்றமில்லை என்று எண்ண வேண்டாம். பிஸ்டன் ஆடத் தொடங்கினால் றிங் சுவரில் சமமாகப் படியாது.

இனி, எண்ணை விட முக்கியமானது அதை அளக்கும் விதம். பிஸ்டன்களைக் கையில் கொடுக்காமல் "0.50 அடித்துத் தாருங்கள்" என்று புளொக்கை மட்டும் பட்டறையில் விட்டு வராதீர்கள். பிஸ்டன் உருளை வடிவமானதன்று. மேலே சிறுத்து, குறுக்கே சற்று நீள்வட்டமாக இருக்கும். ஆகவே பின் துளைக்குச் செங்கோணத் திசையில், தாளில் படம் போட்டுக் காட்டியிருக்கும் உயரத்தில் மட்டுமே மைக்ரோமீற்றரை வைக்க வேண்டும். நான்கையும் தனித்தனியே அளந்து எண்ணிட்டு, ஒவ்வொரு சிலிண்டரையும் அதற்குரிய பிஸ்டனுக்கு ஏற்றபடி ஹோன் செய்யச் சொல்லுங்கள். சிலிண்டர் துளையை அளக்கும் போர் கேஜைப் பிஸ்டன் அளவில் பூட்டிய அதே மைக்ரோமீற்றரின் தாடைகளுக்குள் வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தால், பிறகு சிலிண்டருக்குள் ஊசி காட்டுவது நேரே இடைவெளியாகவே இருக்கும். மைக்ரோமீற்றரில் சிறு பிழை இருந்தாலும் அது அடிபட்டுப் போகும். மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களிலும், நீளவாட்டிலும் குறுக்கிலும் பாருங்கள். ஃபீலர் கேஜைச் செருகிப் பார்ப்பதை இந்த வேலையில் நம்ப முடியாது. வளைந்த இடத்தில் தட்டையான தகடு சரியாகப் படியாது.

எங்கள் வெயிலையும் கணக்கில் எடுங்கள். மோட்டார் சைக்கிளில் கட்டி நண்பகலில் கொண்டுவந்த பிஸ்டன், நிழலில் கிடந்த புளொக்கை விட 20 பாகை சூடாக இருந்தால் 0.035 மில்லிமீற்றர் அளவில் பெருத்துக் காட்டும். அதை நம்பி ஹோன் செய்தால் போர் தளர்ந்துவிடும். ஹோனிங் கல் ஓடி முடிந்த கையோடு சூட்டுடன் சுவரை அளந்தாலோ பிழை எதிர்ப்பக்கம் போகும். ஆறியதும் போர் சுருங்கி இறுகும். பிஸ்டனையும் புளொக்கையும் இரவு முழுவதும் ஒரே அறையில் வைத்து, விடிகாலையில் அளப்பதே நல்லது.

ஒரு கிளைச்செய்தி: 81 மில்லிமீற்றர் போரும் 77 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம்) கொண்ட உங்கள் எஞ்சின் 1587 சீசீ. 0.50 ஓவர்சைஸில் அது 1607 ஆகிவிடும், 0.25 என்றால் 1597தான். 1600 சீசீ எல்லை வைத்த பிரிவில் ஓடும் எண்ணம் இருந்தால், போர் அடிப்பதற்கு முன் போட்டி விதிகளை வாசித்துவிடுங்கள்.

கேள்வி: ஃபோர்ஜ்ட் பிஸ்டன் போட்ட எனது எஞ்சின் காலையில் முதல் ஸ்டார்ட்டில் டக்டக்கென்று தட்டுகிறது. ஐந்து நிமிடத்தில் சத்தம் அடங்கிவிடுகிறது. மீண்டும் பிரிக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், முல்லைத்தீவு

பதில்: வேண்டியதில்லை. குளிர்ந்து சுருங்கியிருக்கும் பிஸ்டன் இடைவெளிக்குள் சரிந்து சுவரில் மோதும் சத்தம் அது. விரிந்ததும் அடங்கும். கொனெக்டிங் ரொட் பெயரிங் போயிருந்தால் இதற்கு நேர்மாறாக, ஒயில் சூடாகி நீர்க்க நீர்க்கச் சத்தம் கூடும். ஆக்சிலரேற்றரை மிதித்துப் பாரம் கொடுத்தால் இன்னும் அழுத்தமாகக் கேட்கும். உங்கள் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னும் தட்டினால் மட்டும் திறந்து அளவு பாருங்கள். சத்தம் அடங்கும் வரை எஞ்சினை உயர் வேகத்துக்கு முறுக்காதீர்கள். தண்ணீர்ச் சூட்டு முள் நடுவுக்கு வந்த பிறகும் ஒயில் சூடேறச் சிறிது நேரம் எடுக்கும்.

கேள்வி: ஹோனிங் முடிந்த புளொக்கை மண்ணெண்ணெயால் கழுவினால் போதாதா?
– ஒரு வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: போதாது. ஹோனிங் கல் சுவரில் விட்டுச் செல்லும் குறுக்குக் கோடுகளுக்குள் கல்தூள் புதைந்திருக்கும். மண்ணெண்ணெய் ஒயிலைக் கரைக்குமே தவிர, அந்தத் தூளை வெளியே கொண்டுவராது. தூள் கிடந்தால் நூறில் ஒரு பங்கு மில்லிமீற்றர் வரை பார்த்து அடித்த இடைவெளியை அதுவே சில நாட்களில் அரைத்துப் பெரிதாக்கிவிடும். கொதிக்கும் பதத்தில் தண்ணீரும் சவர்க்காரத் தூளும் எடுத்து, ஒவ்வொரு சிலிண்டரையும் தூரிகையால் தேய்த்துக் கழுவி, உடனே காய வைத்துவிட்டு, எஞ்சின் ஒயில் தொட்ட வெள்ளைத் துணியால் சுவரைத் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் தெரிந்தால் மறுபடி கழுவ வேண்டும். நான் மூன்று முறைக்குக் குறைந்து இந்த வேலையை முடித்ததில்லை. துணி வெள்ளையாக வந்ததும் தாமதிக்காமல் ஒயில் பூசி மூடி வையுங்கள். கழுவிய வார்ப்பிரும்பில் அரைமணி நேரத்துக்குள்ளேயே துரு படியத் தொடங்கும்.