பழைய எலெக்ட்ரிக் கார் வாங்கினால் பெட்ரோல் காரை விட உண்மையிலேயே செலவு குறையுமா?

செகண்ட் ஹேண்ட் என்று கேட்கிறீர்கள், அப்படியென்றால் கையில் ஐந்தாறு லட்சம் இருக்கும். "பேட்டரி போனா மொத்தமும் போச்சு" என்று வீட்டில் யாராவது பயம் காட்டியும் இருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்தது மச்சான்.

நமக்கு வீடு கோவை மாவட்டம் சோமனூர், வேலை திருப்பூரில். மாசம் ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது. முன்பிருந்த பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிய விஷயம். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய பிறகு கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய் பக்கம் வந்தது.

இப்போது ஓட்டுவது 26 யூனிட் பேட்டரி உள்ள பழைய டாடா டிகோர் எலெக்ட்ரிக் கார். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் என்று ஆளாளுக்கு அடித்துவிடுகிறார்கள். நம்ம ஊர் கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். இரண்டு மாசக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகையிலும் கொஞ்சம் போய்விடும். அதற்கு மேல் யூனிட் எட்டு ரூபாய்ச் சொச்சம், 600 தாண்டினால் ஒன்பது ரூபாய்ச் சொச்சம். வீட்டுக்கு ஏற்கெனவே 400 யூனிட் ஓடுகிறது. கார் இரண்டு மாசத்துக்கு 300க்கு மேல் இழுக்கிறது, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து. அதில் பெரும்பகுதி மேல் விலையில்தான் போய் விழும். பில்லில் கூடுவது மூவாயிரம் பக்கம். ஆக, கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். வெளியே பாஸ்ட் சார்ஜரில் யூனிட் 20 ரூபாய் என்று போட்டால் மூன்றைத் தாண்டும். அப்படியும் பெட்ரோலில் பாதிதான்.

"கம்பெனிக்காரன் ஆளு" என்று கீழே கமெண்டில் ஒருத்தர் வருவார். ஐயா, எனக்கு யாரும் டீ கூட வாங்கிக் கொடுத்ததில்லை. ஆயில் மாற்றும் செலவு இல்லை, பிரேக் பேடு அதிக நாள் வருகிறது. ஆனால் வண்டி கனம், டயர் சீக்கிரம் தேயும். அதையும் சொல்லிவிட்டேன்.

யாரும் சொல்லாத செலவு எர்த். எங்களுடையது பழைய ஓட்டு வீடு. எர்த் சரியில்லாததால் சார்ஜரைச் சொருகினால் சிவப்பு லைட்தான், வண்டியில் சார்ஜ் ஏறவே ஏறாது. அப்புறம் கொல்லையில் குழி வெட்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டிய பிறகுதான் பச்சை எரிந்தது. வெயில் காலத்தில் அந்தக் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும், வாழைக்கு ஊற்றுகிற மாதிரி.

மச்சான் கதைக்கு வருகிறேன். முன்பிருந்த பெட்ரோல் காரைப் பழனிக்கு, சீர்வரிசைக்கு, மாமனார் ஊருக்கு என்று எடுத்துப்போவார். திரும்ப வரும்போது ரிசர்வ் லைட் எரியும். "நாளைக்கு போட்டுக்கலாம் மாப்ள" என்பார். அந்தப் பெட்ரோலை எந்தக் கணக்கில் எழுதுவது? எலெக்ட்ரிக் வந்தபின் வண்டி கேட்பதே இல்லை. "வித்தா என்ன போகும்?" என்று மட்டும் மாசம் தவறாமல் கேட்கிறார்.

நீங்கள் வாங்கும்போது ஒன்று பாருங்கள். இந்த டிகோர், டாடாவின் பழைய நெக்ஸான் எலெக்ட்ரிக் போன்றவற்றுக்குப் பேட்டரி வாரண்டி 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முன்னால் வருகிறதோ அது. 2020 மாடல் நெக்ஸான் என்றால் 2028ல் முடிந்துவிடும். அது உங்கள் பெயருக்கு மாறுமா என்று சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேளுங்கள். பேட்டரி ஆரோக்கிய ரிப்போர்ட் தர மாட்டேன் என்று புரோக்கர் இழுத்தால், அட்வான்ஸைக் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்க.