தென்னை ஓலை கருத்தால் எதைத் தேடுவது?

அன்புள்ள ஐயா,

உடுமலை பக்கம் எனக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. கீழ் மட்டைகளில் கரி அப்பியது போல ஓலை கருத்துக்கொண்டே வந்தது. போனில் ‘தென்னை ஓலை கருப்பு நோய் மருந்து’ என்று தேடினேன். பூஞ்சாண மருந்து விளம்பரங்கள், அதைவிட்டால் வாடல் நோய். ராத்திரி வெகுநேரம் பார்த்தும் பலனில்லை. கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகன் வந்தான், கொஞ்ச நேரத்தில் வெள்ளை ஈ என்று சொல்லிவிட்டான். நாள் தவறாமல் பேப்பர் படிக்கிற எனக்கு ஏன் தேட வரவில்லை? ஆங்கிலம் போதாததாலா, வயதாலா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டுமே இல்லை. நீங்கள் கண்ணில் பட்டதைத் தேடினீர்கள். விவரம் எழுதியவரோ அதற்கான காரணத்தின் பெயரில் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பெயர் தெரிந்திருந்தால் நீங்கள் தேடியே இருக்க மாட்டீர்கள்.

உங்கள் தோப்பில் நடந்ததையே பாருங்கள். சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம்தான் முதலில் தென்பட்டது. அது ஓலையின் அடிப்பக்கம் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சுகிறது. அது கழிக்கும் இனிப்பு நீர் கீழே இருக்கும் மட்டைகளின் மேல் சொட்டுகிறது. அதில்தான் கரும்பூசணம் படர்கிறது. ஆக, கருப்பு தெரிவது ஓர் ஓலையில், பூச்சி இருப்பது அதற்கு மேலே இன்னோர் ஓலையின் மறுபக்கத்தில். ‘நோய்’, ‘மருந்து’ என்று நீங்களே சேர்த்துக்கொண்டது இன்னும் திசைதிருப்பிவிட்டது. காரணம் நோயில்லை, பூச்சி. மருந்து என்று கேட்டால் மருந்து விற்கிறவர்தான் முன்னால் வந்து நிற்பார். பூச்சிக்கொல்லி அடித்தால் வெள்ளை ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற சின்னக் குளவி ஒட்டுண்ணியும் சேர்ந்து செத்துப்போகும் என்பதை அவர் சொல்ல மாட்டார்.

இது இன்டர்நெட் வந்த பிறகு முளைத்த சிக்கலும் இல்லை. நூலகத்துக்கு வருகிறவர் வாயால் கேட்பது அவர் மனதில் இருக்கும் தேவை அல்ல, இங்கே என்ன கிடைக்கும் என்று அவராகவே ஊகித்துச் சுருக்கிக்கொண்ட கேள்வி என்று 1968-லேயே நூலகவியல் அறிஞர் ராபர்ட் டெய்லர் எழுதினார். நல்ல நூலகர் அதனால்தான் திருப்பிக் கேட்பார்: எதற்காகத் தேடுகிறீர்கள், எங்கே பார்த்தீர்கள்? தேடுபொறிக்கு அந்தப் பழக்கம் இல்லை. கேட்டதற்குக் கிடைத்ததைக் கொட்டிவிடும். 1987-ல் ஃபர்னாஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு பேர் தாமாகவே ஒரே சொல்லைச் சொல்வது ஐந்துக்கு ஒரு தடவைகூட இல்லை. தமிழில் இன்னும் மோசம். கருப்பா கறுப்பா, பூஞ்சையா பூஞ்சாணமா பூசணமா, ஒவ்வொன்றுக்கும் வேறு பக்கங்கள் வரலாம்.

உங்கள் அண்ணன் மகனும் ஒரே அடியில் கண்டுபிடித்திருப்பான் என்று நான் நம்பவில்லை. முதலில் உங்களைப் போலவே எதையோ அடித்திருப்பான். வந்த பக்கங்களில் ‘கரும்பூசணம்’ என்ற சொல் கண்ணில் பட்டிருக்கும். அதை எடுத்துப் போட்டு மறுபடி தேடியிருப்பான். பழகியவர்கள் முதல் தேடலில் விடையை எதிர்பார்ப்பதில்லை, அடுத்த தேடலுக்கான சொல்லைத்தான் பொறுக்குகிறார்கள். நீங்கள் அதே வரியைத் திரும்பத் திரும்ப அடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலோர் செய்வது அதுதான். சொல் எதுவுமே சிக்காவிட்டால் ஓலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் படம் எடுத்து, படத்தை வைத்தே தேடலாம்.

சரி, பழி முழுவதையும் தேடுகிறவர் தலையில் கட்டவும் எனக்கு மனமில்லை. வேளாண்மைக் குறிப்பு எழுதுகிறவர்கள் பூச்சியின் பெயர், அறிவியல் பெயர், குடும்பம் என்று தொடங்குகிறார்கள். சிலர் அதையும் அச்சடித்து ஸ்கேன் செய்து படமாகப் போட்டுவிடுகிறார்கள், அதற்குள் இருக்கும் எழுத்து தேடலில் அகப்படுவதே பெரும்பாடு. ‘கீழ் ஓலைகளில் கரி படிந்தது போல இருக்கிறதா?’ என்று முதல் வரியில் எழுதிவிட்டு அப்புறம் பெயருக்குப் போனால் என்ன குறைந்துவிடும்?

கரும்பூசணத்துக்குப் பூஞ்சாண மருந்து வாங்கியிருந்தால் அடிக்க வேண்டாம். மைதா மாவுக் கரைசல் தெளித்தால் அது காய்ந்து உதிரும்போது கரியும் சேர்ந்து உதிர்ந்துவிடும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறிகளை மரங்களுக்கு நடுவே கட்டுங்கள். என்கார்சியா எங்கே கிடைக்கும் என்பதை மட்டும் போனில் தேடாமல் உங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.