டைரி எழுதியே இரவு போகிறதா?

வணக்கம் சகோதரி. உங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மூன்று குழந்தைகளுக்கும், அவர்கள் பெற்றோருக்காக தினம் ஒரு பக்கம் டைரி எழுதி முடிக்க இரவு பத்தாகிவிடுகிறது, எழுதாவிட்டால் குழந்தைப் பராமரிப்பைச் சோதிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் ஆய்வில் சிக்கல் வருமோ என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள். சிறு குழந்தைகளைப் பராமரிப்பவர்களுக்கான இங்கிலாந்தின் இ.ஒய்.எஃப்.எஸ் விதிகளில் தினசரி டைரி கட்டாயமே இல்லை. ஆனால் அடிபட்டது, செய்த முதலுதவி, ஒவ்வொரு முறை மருந்து கொடுத்தது, இவை கட்டாயம் எழுத்தில் இருக்க வேண்டும், பெற்றோருக்கும் முடிந்தவரை அன்றே சொல்லிவிட வேண்டும்.

விதியில் இல்லாவிட்டாலும் கைக்குழந்தைக்கு டைரி எழுதத்தான் வேண்டும், அதற்குப் பேசத் தெரியாதே. பால் எத்தனை மில்லி, தூங்கி எழுந்த நேரம், நாப்பி மாற்றியது எல்லாவற்றையும் அப்போதைக்கப்போது ஒரு தாளில் குறித்துவிட்டால் சாயங்காலம் வேலையே இருக்காது. மூன்று வயதுக்காரிக்கு இரண்டு வரி போதும், ஆனால் 'நன்றாக விளையாடினாள்' என்று எழுதாமல் 'நத்தை சுவரேறும் வரை நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்' என்று எழுதிப் பாருங்கள், அம்மாவுக்கு இரவு அவளோடு பேச ஒரு விஷயம் கிடைக்கும். வேறொரு குழந்தை கடித்துவிட்டால், கடித்த குழந்தையின் பெயரை எழுதாதீர்கள்.

அப்புறம், பள்ளி விட்டு வரும் பையனுக்கு டைரியே வேண்டாம், கூப்பிட வரும்போது வாசலில் சொன்னால் போதும், அவன் அப்பா அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.