ஜிம்பரானில் மீன் சாப்பிடலாமா?

கேள்வி: குடும்பத்தோடு பாலித் தீவுக்குப் போகிறோம். ஜிம்பரான் கடற்கரையில் மீன் சாப்பிட ஆசை. விலையில் ஏமாந்துவிடுவோமோ?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: தைரியமாகப் போங்கள். அங்கே மீன், இறால், கணவாய், நண்டு எல்லாம் கிலோ கணக்கில்தான் விலை. மேஜையில் உட்காரும் முன் நீங்களே பொறுக்கியெடுத்து, தராசைப் பார்த்து, தொகையை எழுதி வாங்குங்கள். சோறு, சம்பல் (அந்த ஊர் மிளகாய்த் தொடுகறி) அதில் சேர்த்தியா, வரியும் சர்வீஸ் சார்ஜும் தனியா என்பதையும் அப்போதே கேளுங்கள். பில் வந்தபிறகு வாதாடிப் பயனில்லை.

எனக்குப் பிடித்த வழி வேறு. விரிகுடாவின் வடகோடியில் கெடோங்கானான் மீன் சந்தை இருக்கிறது. காலையிலேயே போய்ப் பேரம் பேசி மீன் வாங்குங்கள். பக்கத்துக் கடைகளில் கூலிக்குச் சுட்டுத் தருவார்கள். தேங்காய் மட்டை நெருப்பில் மசாலா தடவிச் சுட்ட மீனின் மணம் இருக்கிறதே, அடடா! கூடவே சம்பல் மாத்தா கேளுங்கள். சின்ன வெங்காயம், மிளகாய், எலுமிச்சைப் புல்லைப் பச்சையாகப் பொடிப்பொடியாக நறுக்கி, தேங்காய் எண்ணெயில் பிசறியது. நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். குழந்தைகளுக்கு மட்டும் காரமில்லாமல் தனியாகச் சுடச் சொல்லுங்கள்.