நுரையீரல் நன்றாக இருந்தும் சர்க்கரை நோயாளிக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது?

சர்க்கரை 480, கீட்டோன் பாசிட்டிவ், ஆக்சிஜன் 98, எக்ஸ்ரேயும் சரி. பிறகு அப்பாவுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கோளாறு நுரையீரலில் இல்லை; இது கீட்டோஅசிடோசிஸ், அதாவது ரத்தத்தில் கீட்டோன் அமிலம் தேங்கும் நிலை. ரத்தத்தில் ஏறிய அமிலத்தை இப்போது ஈடுகட்டுவதே நுரையீரல்தான்.

ரத்தத்தின் பிஎச் (அமிலம் கூடக் கூடக் குறையும் அளவு) 7.35 முதல் 7.45 வரை இருக்க வேண்டும். அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட்டுக்கும், மூச்சில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ள விகிதம்தான் அதைத் தீர்மானிக்கிறது. இன்சுலின் போதாதபோது கொழுப்பு உடைந்து கீட்டோன் அமிலங்கள் குவிகின்றன. அவற்றைச் சமன்செய்வதில் பைகார்பனேட் செலவாகிறது. சிறுநீரகம் அமிலத்தை அமோனியமாக வெளியேற்றி, புது பைகார்பனேட்டை ரத்தத்தில் சேர்க்கும். ஆனால் அது முழு வேகம் பிடிக்க மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். மூச்சோ சில நிமிடங்களிலேயே கூடி, கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றி அந்த விகிதத்தை ஈடுகட்டும். 1874-இல் ஜெர்மன் மருத்துவர் குஸ்மால் விவரித்த ஆழமான, இடைவிடாத மூச்சு இதுதான்.

ஏபிஜி (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) ரிப்போர்ட்டை வைத்துக் கணக்குப் போடலாம். வழக்கமாக 24 இருக்கும் பைகார்பனேட் 8-க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். பைகார்பனேட்டை 1.5-ஆல் பெருக்கி 8-ஐக் கூட்டினால், 1.5 × 8 + 8 = 20; கார்பன் டை ஆக்சைடு இதற்கு இரண்டு கூடவோ குறையவோ இருக்க வேண்டும். அப்போது பிஎச் சுமார் 7.22. மூச்சு கூடாமல் கார்பன் டை ஆக்சைடு வழக்கமான 40-இலேயே நின்றிருந்தால் பிஎச் 6.92! அதனால் இந்த மூச்சை அடக்கத் தூக்க மருந்து கேட்காதீர்கள். பைகார்பனேட் ஏறாமலே மூச்சு மட்டும் அடங்கினால் அவர் களைத்துப்போகிறார் என்று அர்த்தம். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். வென்டிலேட்டர் வைக்க நேர்ந்தாலும் வழக்கமான நிமிடத்துக்கு 14 மூச்சு இவருக்குப் போதாது.

சிகிச்சை சலைன், இன்சுலின், பொட்டாசியம். இன்சுலின் மணிக்குக் கிலோவுக்கு 0.1 யூனிட். அது பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும் என்பதால், அளவு 3.5-க்குக் கீழே இருந்தால் முதலில் பொட்டாசியம்தான். பிஎச் 7.0-க்குக் கீழே போனால் தவிர பைகார்பனேட் ஊசி பொதுவாகத் தேவைப்படாது. இன்சுலின் கிடைத்ததும் கீட்டோன்கள் எரிந்து பைகார்பனேட்டாகவே திரும்பும்.

அடிக்கடி தவறு நடப்பது இதற்குப் பிறகுதான். சர்க்கரை 250-க்கு முதலில் இறங்கிவிடும், அமிலம் மெதுவாகத்தான் தீரும். சர்க்கரை இறங்கியதே என்று இன்சுலினை நிறுத்தினால் கீட்டோன் மறுபடி ஏறும். டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) திரவம் சேர்த்து இன்சுலினைத் தொடர வேண்டும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவற்றால் சர்க்கரை 200-க்குள் இருக்கும்போதே இதே அமிலத்தேக்கம் வரலாம்.