பூட்டிக் கிடக்கும் மேல்மாடி – ஒரு கடிதம்

அன்பின் ஐயா,

1995இல் போரால் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு கோயில் மண்டபத்தில் இருந்தோம். கிடைத்த அரிசியைப் பல குடும்பங்கள் சேர்ந்து கஞ்சி காய்ச்சிக் குடித்தோம்; இரவில் செபமாலை சொன்னோம். இன்று பிள்ளைகள் கனடாவில். பென்சன், மாடிவீடு, உயர்ந்த மதில் எல்லாம் இருக்கின்றன. மேல்மாடி பூட்டியே கிடக்கிறது. ஞாயிறு பூசைக்குத் தவறுவதில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் யார் என்றே தெரியாது. துன்பத்தோடு விசுவாசமும் போய்விட்டதா?

– ஓய்வுபெற்ற ஆசிரியை, யாழ்ப்பாணம்

அன்பின் ரீச்சர்,

இடம்பெயர்ந்த காலத்தை விசுவாசத்தின் பொற்காலம் ஆக்கிவிடாதீர்கள். அன்று பகிர்ந்தோம், உண்மை. ஒரே மண்டபம், ஒரே அடுப்பு; பகிராமல் இருக்க வழியும் இருக்கவில்லை. அதே நாட்களில் சாதி பார்த்துக் கிணற்றில் அள்ள விடாத வீடுகளும் இருந்தன. அன்பு செய்யத் துன்பம்தான் வேண்டுமென்றால், பிள்ளைகளுக்காக நாம் மன்றாடிக் கேட்ட சமாதானமே பிழையாகிவிடும். அதை என்னால் ஏற்கவே முடியாது.

விவிலியத்தில் இணைச்சட்ட நூலின் 14ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை ஊரிலேயே சேர்த்துவைக்க வேண்டும். ஆலயப் பணி செய்த, நிலமில்லாத லேவியரும் அந்நியரும் அநாதைகளும் கைம்பெண்களும் வயிறார உண்ண வேண்டும். களஞ்சியம் நிறைந்தவனுக்குச் சொன்ன கட்டளை அது. மண்டபத்தில் கஞ்சி குடித்த நாளைவிட இன்றுதான் அது உங்களை நோக்கிப் பேசுகிறது.

லூக்கா நற்செய்தி 16ஆம் அதிகாரத்தில் வரும் செல்வந்தன் ஏழை இலாசரை அடித்ததாகவோ துரத்தியதாகவோ ஒரு வரியும் இல்லை. வாசலில் ஒருவன் புண்ணோடு கிடக்க, உள்ளே நாள்தோறும் விருந்துண்டான். அவ்வளவுதான். கிடுகு வேலி இருந்த காலத்தில் அடுத்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது வேலிப் பொட்டின் இடைவெளிக்குள்ளால் தெரிந்துவிடும். மதில் எழுந்த பிறகு நாமாகப் போய்ப் பார்த்தால்தான் உண்டு.

1833இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கியதுதான் புனித வின்சென்ட் டி போல் சபை. பணம் கொடுத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஏழைகளின் வீடுகளுக்கு நேரில் போனார்கள். நம் கோயில் பங்குகளிலும் அந்தச் சபை இருக்கிறது. கோயில் திருப்பணிக்கும் பெருநாளுக்கும் வெளிநாட்டுக் காசு தாராளமாக வருகிறது, நல்லது. வீடுவீடாகப் போகத்தான் ஆட்கள் தேவை. இத்தனை ஆண்டுகள் படிப்பித்த உங்களுக்கு எந்தப் படலையும் திறக்கும்.

மேல்மாடியைப் பற்றியும் சொல்கிறேன். நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் வருபவர்கள் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகிலும், அங்கிருந்து பஸ்ஸிலும் வர வேண்டும். முதல்நாளே வந்து தங்க ஓர் அறை இருந்தால் வயதானவர்களுக்கு எவ்வளவு ஆறுதல்! இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சுவாமியிடம் பேசுங்கள். வருகிறவர் என்ன சமயம், என்ன சாதி என்று மட்டும் விசாரிக்க வேண்டாம்.