அப்பாவுக்கு 68 வயது. ஒரு தொந்தரவும் இல்லை. முகாமில் பிரஷர் 158/72 என்றார்கள். கீழ் எண் சரியாகத்தானே இருக்கிறது, விட்டுவிடலாமா?

விடக்கூடாது. வயது ஏற ஏற ரத்தக்குழாய் விறைத்துப்போகும். அதனால் மேல் எண் எகிறும்; கீழ் எண் அப்படியே நிற்கும், இறங்கவும் செய்யும். மேல் எண் மட்டும் கூடினாலும் பக்கவாதம் வரும் ஆபத்து கூடத்தான் செய்யும். தலைசுற்றல் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது.

ஒரு தடவை எடுத்ததை வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். வீட்டில் 7 நாள் பாருங்கள். மேல்கையில் கட்டும் மெஷின்தான் நம்பகமானது, மணிக்கட்டு மெஷின் வேண்டாம். கடைக்குப் போகும் முன் மேல்கையின் நடுச் சுற்றளவை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். கூட வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. கைக்குத்தான். பருத்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும்.

ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்தவுடன் அளக்காதீர்கள். கட்டஞ்சாயா, பீடி, வெற்றிலை புகையிலை எதுவானாலும் அரைமணி நேரம் கழியட்டும். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் பதிய 5 நிமிடம் பேசாமல் உட்காரட்டும். சட்டைக் கையைச் சுருட்டினால் இறுக்கும், கழற்றிவிடுங்கள். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே. கை மேசைமேல், நெஞ்சு மட்டத்தில். தொங்கப்போட்டால் எண் கூடும், பேசினாலும் கூடும்.

காலையில் சாப்பிடும் முன்னும் மாலையிலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுங்கள். முதல் நாள் இரு கைகளிலும் பார்த்து, கூடக் காட்டும் கையிலேயே தொடருங்கள். குறைந்த எண்ணை மட்டும் எழுதாமல் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற 6 நாள் சராசரி பாருங்கள். மேலே 135 அல்லது கீழே 85, எது தொட்டாலும் டாக்டரிடம் போகவேண்டும். 180 தாண்டினாலும் தாண்டாவிட்டாலும், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், நெஞ்சுவலி ஏதாவது இருந்தால் நோட்டைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒருநாள் எழுந்து நிற்கவைத்து, 1-ஆவது, 3-ஆவது நிமிடத்தில் அளந்து பாருங்கள். மேல் எண் 20 இறங்கினால் அதையும் டாக்டரிடம் சொல்லவேண்டும். மாத்திரை அளவு பார்த்துத்தான் கொடுப்பார், இல்லாவிட்டால் இரவில் எழும்போது விழுந்துவிடுவார்.

கூடவே, மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரை அட்டையையும் கொண்டுபோங்கள். பல வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும். கஞ்சிக்குத் தினமும் கருவாடும் ஊறுகாயும் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.